வாசலில் நாலு பூட்ஸ்

மூன்று கால்களுக்கு பூட்ஸ் மாட்டியாகிவிட்டது. நாலாவது காலைத்தான் தரமாட்டேன் என்று டியூக் வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டது.

"குடுடா ராஜா. வெளிய மைனஸ் முப்பதுடா. கால் வெடிச்சிரும்டா," என்று கெஞ்சினான் டெரிக்.

டியூக் நிதானமாகக் கொட்டாவி விட்டது.

டியூக் அவன் மாமனார் ஆர்மண்டின் நாய். ஒருகாலத்தில் பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்க்கூட்டத்துக்கே தலைமை தாங்கியது, இப்போது ஓய்வு. ஆர்மண்ட் பெண்டாட்டியிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அதிகம் பேசுவார். மருமகனிடம் பேசுவதே இல்லை.

பேசாததற்குக் காரணம் இருந்தது. டெரிக் வான்கூவர்க்காரன், மழையிலேயே வளர்ந்தவன். கல்யாணமாகி சஸ்காச்சுவான் ஏரிக்கரைக்கு வந்த முதல் குளிரில், எஞ்சின் உறையாமலிருக்க ஆர்மண்ட் கரண்டில் சொருகி வைத்திருந்த வண்டியை வயரைக் கழற்றாமலே எடுத்தான். வயர், பிளக், சுவரில் ஒரு பிடிச் சுண்ணாம்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு கடைத்தெரு வரை போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவனை நம்பி ஒரு வாளித் தண்ணீர்கூட யாரும் கொடுத்ததில்லை. வெளியே சிரித்து மழுப்பினாலும் அது அவனுக்கு வலித்தது.

இன்று காலையில்தான் அதிசயம் நடந்தது. உறைந்த ஏரியில் வலை எடுக்கக் கிளம்பிய ஆர்மண்ட் கதவருகே நின்றார். அங்கே வீட்டில் உள்ளவர்களின் பூட்ஸெல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி இடம் டெரிக்குடையது. அதற்கு அடுத்தாற்போல் இன்று புதிதாக நாலு குட்டி பூட்ஸ். மூஸ் மான் தோல், உள்ளே முயல் ரோமம், மேலே மணி கோத்த பூ வேலை. அதை ஒட்டி டியூக் படுத்திருந்தது.

ஆர்மண்ட் அந்தப் பக்கம் உதட்டைக் குவித்துக் காட்டினார். அந்த ஊரில் விரல் நீட்டும் பழக்கமில்லை.

"இனிமே உன் பொறுப்பு. புரியுதா?"

"புரியுது மாமா."

ஆர்மண்ட் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. குளிர்காற்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் டெரிக்.

நாய்க்கு இவ்வளவு அலங்காரமா என்று அவனும் யோசிக்காமல் இல்லை. ஆனால் எதிர்ச்சுவரில் டியூக்கின் திருவிழாப் போர்வை தொங்கியது. அதிலும் மணிப்பூ, ஓரமெல்லாம் குஞ்சம். முதுகுக்கே பூ வைக்கிற குடும்பம் காலை விட்டுவிடுமா? போதாததற்குப் போனில் வேறு தேடிப் படித்தான். விரலிடுக்கில் பனி கட்டியாகுமாம், பாதம் வெடிக்குமாம், ரத்தம் வருமாம். படிக்கப் படிக்க அவனுக்கே உள்ளங்கால் கூசியது.

போன் அடித்தது. மனைவி கொலெட், அம்மாவுக்கு முழங்கால் காட்ட சஸ்கடூன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"அப்பா உங்கிட்ட ஒப்படைச்சாரா?"

"ஒப்படைச்சார்."

"சந்தோஷமா இருக்கா?"

"சந்தோஷம்தான். பயமும் இருக்கு."

"அழுதியா?"

"இன்னும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள அழுதுருவேன்னு நினைக்கிறேன்."

கொலெட் சிரித்தாள். "நீ நல்லா பாத்துப்ப டெரிக், எனக்குத் தெரியும். வந்து பேசலாம்."

அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியாக வேண்டும். நாலாவது பூட்ஸை எப்படியும் மாட்டியே தீருவது என்று எழுந்தான்.

பாதம் பெரிது, பூட்ஸ் சிறிது. வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று அடுப்படியிலிருந்து பன்றிக்கொழுப்பை எடுத்துக் காலில் தாராளமாகத் தடவினான். சர்ரென்று உள்ளே போனது. "அப்பாடா!" என்று நிமிர்வதற்குள் டியூக்குக்கு மணம் எட்டிவிட்டது. முதலில் பூட்ஸை நக்கியது. பிறகு கடித்தது. மணிப்பூவில் பாதி அதன் தொண்டைக்குள் இறங்கியது.

"ஐயையோ! துப்புடா! டேய், துப்புடா!"

துப்பவில்லை. கவனத்தைத் திருப்பலாம் என்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான். டியூக் ஒவ்வொரு காலையும் சேற்றில் மிதித்தாற்போல் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. பனிவண்டியில் போன பக்கத்துத் தெரு ரோமியோ, வண்டியை நிறுத்தியே விட்டான்.

"என்னப்பா, நாய்க்குக் கல்யாணமா?"

"மாமாதான் போடச் சொன்னார்."

"ஆர்மண்டா? நாய்க்கா?" ரோமியோ தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்து டியூக் பின்னங்காலை ஓர் உதறு உதறியது. பூட்ஸ் பறந்து நடுத்தெருவில் விழுந்தது. டெரிக் ஓடுவதற்குள் பனி தள்ளும் வண்டி வந்து, அதை அள்ளி, கூரை உயரக் குவியலோடு சேர்த்துவிட்டுப் போனது. கைவிரல் மரத்துப்போகும் வரை தோண்டினான். பனிதான் வந்தது.

வீட்டுக்குள் வந்து பார்த்தால், இன்னொரு பின்னங்கால் பூட்ஸ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரம் நாய்க்கு ஆகாது என்று கழற்றி விறகடுப்பின் மேல் வைத்தான். கொழுப்புக் கறையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், தோல் சுருங்கிக் காய்ந்த கத்திரிக்காயாகக் கிடந்தது. கட்டைவிரல்கூட உள்ளே நுழையவில்லை.

தைத்துத் தரச்சொல்லிக் கேட்கலாம் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கே ஆர்மண்டின் தங்கை பெர்த்தா இருக்கிறாள். ஊரில் பாதிப்பேர் காலில் இருப்பது அவள் தைத்ததுதான். கதவு பூட்டியிருந்தது. பெர்த்தா பிங்கோ ஆடப் போய்விட்டாள்.

டியூக்கோ வெளியே போயாக வேண்டும் என்று கதவைப் பிறாண்டியது. வெறுங்காலோடு எப்படி விடுவது? தன்னுடைய கம்பளி சாக்ஸைப் பின்னங்கால்களில் மாட்டி, கழலாமலிருக்க ஒட்டுநாடா சுற்றினான். அப்போதும் பயம் தீரவில்லை. தரையே படவேண்டாம் என்று அந்தக் குண்டு நாயைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு படியிறங்கினான். முதல் படியில் வழுக்கியது. மீதிப் படிகளை முதுகாலேயே கடந்தான். டியூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

இருட்டத் தொடங்கும்போது ஆர்மண்ட் மீன் சாக்கோடு உள்ளே வந்தார்.

டியூக் வாலாட்டிக்கொண்டு எதிரே போனது. முன்னங்கால்களில் பூப்போட்ட பூட்ஸ், அதில் ஒன்றில் பூவே இல்லை. பின்னங்கால்களில் பச்சை சாக்ஸ். பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு டெரிக்.

ஆர்மண்ட் சாக்கைக் கீழே வைத்தார். நாயைப் பார்த்தார். டெரிக்கைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அழுகிறார் என்றே நினைத்தான் டெரிக். "மாமா, மன்னிச்சிருங்க. ஒண்ணு தொலைஞ்சிருச்சு. ஒண்ணு சுருங்கிருச்சு. ஒண்ணுல பூவ அது தின்னுருச்சு. முதல் தடவையா என்னை நம்பி ஒண்ணக் குடுத்தீங்க, அதையும் ஒருநாள்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. நான் எதுக்குமே லாயக்கில்லாதவன். நாளைக்கே வான்கூவருக்கு பஸ் ஏறிடறேன்."

தொப்பி இன்னும் வேகமாகக் குலுங்கியது.

கதவைத் தள்ளிக்கொண்டு பெர்த்தா வந்தாள். கையில் பனி ஒட்டிய ஒரு குட்டி பூட்ஸ்.

"இது ஏன் என் வாசல் பனிக்குவியல்ல கெடக்கு?" என்றவள் டியூக்கைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, நானே அவன்கிட்ட சொல்றேன்னு கொலெட் வாய அடைச்சியே, சொன்னியா இல்லியா?"

ஆர்மண்ட் தொப்பியை இறக்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணீர். "சொன்னேனே. காட்டினேன்."

"வாயத் தெறந்து சொன்னியா?"

"உதட்டாலதான் காட்டினேன். புரியுதுன்னானே!"

பெர்த்தா தலையில் அடித்துக்கொண்டாள். டெரிக்கின் கையை இழுத்து, அந்த ஈர பூட்ஸை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"நாய்க்குன்னா பழைய சாக்குத் துணியில தெச்சிருக்க மாட்டேனா, மாப்பிள்ள? இது ரெண்டு ஜோடி, கொலெட் வயித்துல இருக்கிற உன் ரெட்டைப் புள்ளைங்களுக்கு!"