ஆற்றோடு போன சம்பந்தம்

உடுவில்,
தை மாதம், வெள்ளிக்கிழமை பின்னேரம்.

என்றைக்கும் என் வணக்கத்துக்குரிய பெரியண்ணைக்கு,

தம்பி செல்வரட்ணம் பணிவோடு எழுதிக்கொள்வது. ஸ்காபரோவில் தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள்ளும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்பானாக. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், உண்மை வேறு. கடிதத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அண்ணி பதறவேண்டாம். என்னுடைய போன் தொண்டைமானாற்றுக்குள் கிடக்கிறது. இன்னொருவருடைய போனை வாங்கி இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம்.

கஜந்தினியின் சம்பந்தம் குழம்பிவிட்டது அண்ணை. செவ்வாய்க் குற்றமுள்ள பிள்ளை, வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது, பார்க்காத சாதகமில்லை, போகாத சாத்திரியில்லை, கடைசியில் கரவெட்டிக் கேதீஸ்வரன் மாஸ்ரரின் மகன் டினேஸின் சாதகத்தைத் தாங்கள் எங்கிருந்தோ தேடி எடுத்து அனுப்பி, அது உத்தமமாகப் பொருந்தி, இரண்டு பகுதியும் படம் மாற்றி, இன்றைக்குத் தொண்டைமானாற்றங்கரைச் சன்னதி கோயிலில் பெடியன் பகுதி பிள்ளையைப் பார்ப்பதாக ஏற்பாடு. தாங்கள் போனில் படித்துப் படித்துச் சொன்னீர்கள்: இரண்டு பகுதியும் தற்செயலாகக் கோயிலுக்கு வந்தது மாதிரி இருக்கவேண்டும், சிரிக்கக் கூடாது, கதைக்கக் கூடாது, ஒருவரையொருவர் தெரிந்ததாகவே காட்டக் கூடாது, நாளைக்குச் சரிவராவிட்டால் 'பார்த்துப்போட்டு விட்ட பிள்ளை' என்று ஊர் கதைக்கும் என்று. அந்தச் சொல்லை நான் கொஞ்சமும் பிசகாமல் காத்தேன். அதுதான் வினையாய்ப்போச்சு.

எங்கேயும் முந்திப்போய் நிற்பது, சங்கக்கடை முகாமையாளராக இருந்த காலத்திலிருந்தே எனக்குள்ள வியாதி. இன்றைக்கும் பூசைக்கு நிறைய நேரம் கிடந்தது. கூட வந்தவன் குணலட்சுமியின் தம்பி கஜானன், சுவிஸிலிருந்து விடுமுறையில் வந்து நிற்கிறான், உவனுக்குத் தலை நரைத்தும் புத்தி பாலர் வகுப்பைத் தாண்டவில்லை. ஆற்றங்கரையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வள்ளம் கிடந்தது, இரண்டு பேர் இருக்கலாம். அது தன்னோடு படித்தவனுடையதாம். ஒரு சுற்றுப் போவோம் என்றான். நான் பட்டுவேட்டி கட்டியிருக்கிறேன், நீந்தவும் தெரியாது என்றேன். அவன் என்னோடு கதைக்காமல் தமக்கையைப் பார்த்து, "அத்தானுக்குத் தண்ணியெண்டாப் பயம் அக்கா" என்றான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை முப்பத்தைந்து வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனைப் பார்த்துக்கொண்டு நின்ற கஜந்தினி மட்டும் நிமிர்ந்து, வேண்டாம் அப்பா என்றாள். நான் அதற்கிடையில் ஏறிவிட்டேன். தாயும் மகளும் கோயிலுக்குள் போய்விட்டார்கள்.

பாலத்துப் பக்கமாகப் போவதென்று திட்டம். அவன் ஒரு பக்கம் வலிக்க நான் மற்றப் பக்கம் வலிக்க, வள்ளம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பிரதட்சணம் செய்தது. பிறகு ஒருமாதிரி நேராகிப் போய், ஆற்றோரக் கண்ணாப் பற்றைக்குள் செருகிக்கொண்டது. அதை இழுக்கிற இழுவையில் என் துடுப்பு போய்விட்டது. குணலட்சுமியைக் கூப்பிடுவோமென்று மடியிலிருந்து எடுத்த போனும் அதன் பின்னாலே போய்விட்டது. கஜானன் மற்றத் துடுப்போடு சேற்றில் இறங்கி ஒரு தள்ளுத் தள்ளினான். பாரம் குறைந்த வள்ளம் அவனை விட்டுவிட்டு என்னை மட்டும் கொண்டு புறப்பட்டது. உவன் சேற்றில் புதைந்து நின்றபடி, பதறாதேங்கோ அத்தான், வாடைக்காத்து உங்களைக் கோயிலடியிலை கொண்டுபோய் விடும் என்றான். வாழ்க்கையில் அவன் சொன்னதில் பலித்தது அது ஒன்றுதான்.

கோயில் படித்துறைக்கு வரவும், அங்கே கால் கழுவிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கிறேன், கேதீஸ்வரன் மாஸ்ரர் குடும்பம் அண்ணை. படத்தில் பார்த்த அதே கண்ணாடி, அதே மொட்டை. அவர்களும் என்னை அடையாளம் கண்டுவிட்டார்கள். மாஸ்ரர் உடனே தலையைத் திருப்பிக் கோபுரத்தைப் பார்க்கத் தொடங்கினார். மாஸ்ரரின் மனிசி வெயிலில்லாத நேரத்தில் குடையை விரித்தா. கையை நீட்டினால் படிக்கல்லைப் பிடிக்கலாம், ஒரு சொல் சொன்னால் அவர்கள் என்னைப் பிடிப்பார்கள். எனக்கோ மனசுக்குள் முருகா முருகா என்று அழுகை. ஆனால் தாங்கள் சொன்ன சொல். நான் நிமிர்ந்து இருந்து, வெள்ளிக்கிழமைகளில் இப்படித்தான் கோயிலுக்கு வருகிறவன் மாதிரி, முருகனைப் பார்த்துத் தலைக்குமேல் கைகூப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டினேன்.

அந்தப் பெடியன்தான் கெடுத்தான். படியால் இறங்கி ஓடிவந்து, "மாமா, கையைத் தாங்கோ" என்றான். மாமாவாம். பார்க்கமுதலே மாமா. இவ்வளவு அவசரக்காரனோ என்று யோசித்தாலும், நான் பதறாமல் மறுமொழி சொன்னேன்.

"தம்பி, நீர் ஆர்? எனக்கு உம்மைத் தெரியாது. நான் இப்பிடியே போவன்."

அவன் விடவில்லை, என் கையைப் பிடித்து இழுத்தான். நான் சொல் தவறக் கூடாதென்று பறித்தேன். வள்ளம் கவிழ்ந்து இருவரும் தண்ணீருக்குள், என் தோளில் கிடந்த சால்வை ஆற்றோடு போச்சு. எழும்பிப் பார்த்தால் தண்ணீர் முழங்காலுக்கு நிற்கிறது. இவ்வளவு நேரமும் உயிர்ப்பிச்சை கேட்டு நான் அழுத ஆறு அதுதான். பெடியன் தலையிலிருந்து கால்வரை சேறு. தாய் குடையை எறிந்துவிட்டு, என்ரை பிள்ளையை ஆத்துக்கை விழுத்திப்போட்டார் எண்டு குளறினா. மாஸ்ரர் மட்டும் கடைசிவரை கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், மரியாதையான மனிசன். சேற்றோடு கோயிலுக்குள் போகேலாதென்று பெடியனைத் தாங்கள் வந்த வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே சேலை கட்டிக்கொண்டு நின்ற என் பிள்ளையை ஒருதரும் பாக்கேல்லை அண்ணை.

நடந்ததைச் சொன்னதும் கஜந்தினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். வீடு வந்து சேரும்வரை அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பெத்த தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டு எப்பிடி இருக்கிறது? எங்கடை காலத்துக்குப் பிறகு இவள் தனிச்சுப்போவாளோ எண்ட பயத்திலை எனக்குச் சோறு இறங்கேல்லை.

ஆகையால் ஒரே ஒரு உதவி. கரவெட்டிக்குப் போன் எடுத்து, வள்ளத்தில் வந்தது செல்வரட்ணம் அல்ல, செல்வரட்ணத்தின் சாயலில் உள்ள வேறு ஆள், செல்வரட்ணம் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தான் என்று தங்கள் வாயால் சொல்லுங்கள். பெரிய மனிசன், நம்புவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது நான் வரமாட்டேன். கலியாணத்துக்கு வரத்தான் வேண்டுமென்றால் மீசையை எடுத்துவிட்டு வருகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தண்ணீர் உள்ள பக்கம் ஒருவரையும் போகவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்க முடியாத தம்பி,
செல்வரட்ணம்

பி.கு.: சனிக்கிழமை காலை. கடிதத்தை ஒட்டப்போகிற நேரம் படலையில் டினேஸ் வந்து நிற்கிறார். ஆற்றோடு போன என் சால்வையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். நான் தங்கள் சொல்லை மறவாமல், ஆர் நீர் என்றுதான் கேட்டேன். எங்கள் நாய் தபால்காரரை மதிலில் ஏற்றின நாய், சில நாளில் என்னையே பார்த்துக் குரைக்கும். அது போய் அவருடைய காலடியில் படுத்து வாலை ஆட்டுகிறது. குணலட்சுமி ஒன்றும் கேளாமல் அவருக்குச் சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர், வழமைபோல நல்லாயிருக்கு மாமி என்கிறார். கஜந்தினி கதவுக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள், தோள் நேற்றுப் போலவே குலுங்குகிறது, சத்தம் கேட்கிறபடியால் இன்றைக்குத்தான் எனக்கு அது சிரிப்பென்று விளங்குது. ஆகவே கரவெட்டிக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், வள்ளத்தில் வந்தது நான்தான். ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதுங்கோ அண்ணை. அந்தச் சாதகத்தை நீங்கள்தான் தேடி எடுத்தனீங்களோ, இல்லாட்டி இவள்தான் உங்களுக்கு அனுப்பினவளோ?