நவமணியின் கை

மேற்கையில் தொங்கும் கொழுப்பை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்கப் போவதாக நவமணி அறிவித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறிவிக்க அவளுக்கு வேறு கிழமை கிடையாது. மற்ற நாட்களில் கணவன் அமிர்தலிங்கம் தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வருவதற்குள் அவள் கத்தரியோடு கொழுந்து வெட்டக் கிளம்பியிருப்பாள். அவள் திரும்பும்போது ஃபேக்டரி லோரி அவனை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். காலையில் வந்ததும் அடுப்பிலிருக்கும் கெட்டிலைத் தொட்டுப் பார்ப்பான். சூடிருந்தால் மனைவி இப்போதுதான் போயிருக்கிறாள். ஆறியிருந்தால் படுத்துவிடுவான்.

"அக்கா மவ கல்யாணத்துக்கு ரவிக்கை கை ஏற மாட்டேங்குதுங்க. ஈப்போ ஆஸ்பத்திரியில ஒரு நாள்ல எடுத்துடுறாங்களாம்."

வேண்டாமென்றால் பிடிவாதம் பிடிப்பாள். சரியென்றால் பயந்துவிடுவாள். ஊசியைக் கண்டாலே மயங்குகிறவள்தானே! அமிர்தலிங்கம் ராஜதந்திரி ஆனான்.

"தாராளமா போ, மணி."

போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்தத் தோட்டத்து லைன் வீட்டில் சுவரும் அவனும்தான். பேசாமலே வாழ்ந்து பழகியவனுக்கு, பேச ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் வந்தாள். மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை இரண்டு கையிலும் இறுக்கமான கறுப்பு உறை.

"டாக்டர் மூணு வாரத்துக்குக் கையத் தூக்கக் கூடாதுன்னுட்டாரு."

"சோறு?"

"நீங்கதான்."

"துணி?"

"நீங்கதான்லா."

"தலை சீவுறது?"

நவமணி சீப்பை நீட்டினாள்.

எடுக்காமல் கிடந்த லீவையெல்லாம் எடுத்தான். அவன் வைத்த சாம்பாரைப் பார்த்துப் பூனை வேறு வீட்டுக்குக் குடிபோனது. அவன் பின்னிய சடை ஒன்று ஈப்போ ரோட்டைப் பார்த்தது, இன்னொன்று தாப்பா ரோட்டைப் பார்த்தது. அவள் நாற்காலியில் மகாராணியாகச் சாய்ந்து, "உப்பு", "புளி" என்று ஆணையிட்டாள். நடுநடுவே பேசினாள். சாயங்காலம் மலையில் மேகம் இறங்கும்போது அவளுக்கு ஏனோ அழுகை வரும் என்பது இத்தனை வருடத்தில் அவனுக்கு முதல் செய்தி.

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? நீங்க விட்ட குறட்டைகிட்டயா?"

இரண்டாவது வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுத் தங்கம்மா வேலை முடிந்து கூடையோடு வந்தாள். அவள் கையிலும் அதே கறுப்பு உறை.

"அடடா, உனக்கும் ஆபரேசனா தங்கம்மா?"

தங்கம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, இது வெயிலுக்கும் செடி கீறாம இருக்கவும் போடுறது. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில தொங்குதே! உங்க வீட்டம்மாவும் வருசக்கணக்கா இதப் போட்டுத்தான கொழுந்து வெட்டுறாங்க. நீங்க பாத்ததே இல்லியா?"

பார்த்ததே இல்லை.

ஈரத்துணியோடு உள்ளே போனான். நவமணி மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும்.

"டாக்டர்கிட்ட போனியா இல்லியா?"

"போனேங்க. அமுக்கிப் பாத்தாரு. 'இது கொழுப்பு இல்லம்மா, கத்தரி புடிச்சுப் புடிச்சு இறுகுன சதை, உறிஞ்ச ஒண்ணுமில்ல'ன்னு அனுப்பிட்டாரு." டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். "பஸ்ல வரும்போது ஆளில்லாத இருட்டு வீடு ஞாபகம் வந்துச்சு. பையில உறை இருந்துச்சு. போட்டுக்கிட்டேன்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தான், வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஃபேக்டரிக்கு நடந்தான். இதுவாவது தன் சொந்த முடிவாக இருக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி, ஷிப்ட் எழுதும் கிராணி புவனேஸ்வரன் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, இனிமே நான் பகல் ஷிப்டுக்கு வர்றேன்."

கிராணி தலை நிமிரவே இல்லை.

"உன் சம்சாரம் ஈப்போலேர்ந்து வந்த அன்னைக்கே உனக்குப் பகல் ஷிப்ட கேட்டு வாங்கிட்டாங்கலா. நீயா வந்து கேக்குற வரைக்கும் உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாங்க."