தலையாட்டித் தீவின் பொதுத்தேர்தல்

இந்தத் தை மாதம் அவரைக்கொட்டை பிதுக்குவதில்லை என்று தீர்மானம் செய்தேன். காரணம், நான் நாவலாசிரியன் ஆகிவிட்டேன்.

அதுவும் அரசியல் நாவல். சிரிப்பு நாவல். கதை நடக்கும் இடம் தலையாட்டித் தீவு. தேசப்படத்தில் தேடாதீர்கள், என் மேசைமேல்தான் இருக்கிறது. ஏன் தீவு என்று கேட்பீர்கள். எங்கள் எல்லையூர் ஜூஜுவாடியில் ஒரு மாதம் குடியிருந்து பாருங்கள். இந்தப் பக்கம் நம் ராஜ்யம், அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம், நடுவில் டீக்கடை. அங்கே மூன்று பாஷையில் எல்லைச் சண்டை. தீவில் அந்தத் தொல்லை கிடையாது. யாராவது இடம் கேட்க வேண்டுமானால் மீன்தான் வந்து கேட்க வேண்டும்.

தீவில் பிரஜைகள் நாற்பத்தொரு பேர். மந்திரிகள் நாற்பத்திரண்டு பேர். ஜனாதிபதி கொட்டாவியப்பர், கொட்டாவி விட்டுக்கொண்டே கடலைத் தடைசெய்து சட்டம் போட்டவர்.

எனக்கு வயது ஐம்பத்து நாலு. முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் நகல் குமாஸ்தா. என் கையெழுத்தில் பல்லாயிரம் பக்கம் உண்டு. என் வாக்கியம் என்று ஒன்று கிடையாது. இந்த நாவல்தான் முதன்முதலில் எனக்கே எனக்கென்று எழுதியது. அதிலும் கடைசி அத்தியாயம் என் உயிர். கொட்டாவியப்பர் ஓட்டைப் படகில் தனியாகப் போகிறார், அலைகளைப் பார்த்துப் பிரசங்கம் செய்துகொண்டே. எழுதும்போது சிரித்தேன். பிறகு ஏனோ கண்ணீர் வந்தது. சிரிப்பு நாவல் எழுதுகிறவன் அழலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நாவல் முடிந்த சமயம். மறுநாள் ஜவளகிரியிலிருந்து என் மைத்துனன் குடும்பம் வருவதாக இருந்தது. பதினெட்டுப் பேர். களிக்குப் பிதுக்கிய அவரைக்குழம்பு இல்லையென்றால் அவர்கள் வீட்டில் அதை விருந்து என்றே சொல்லமாட்டார்கள். என் மனைவி சம்பங்கி ஓர் அண்டா நிறையக் கொட்டையை ஊறவைத்திருந்தாள். ஒவ்வொன்றாக விரலால் நசுக்கித் தோலைக் கழற்ற வேண்டும். அடுத்த வீட்டு சரசம்மாவும் எதிர்வீட்டு பாப்பம்மாவும் உதவிக்கு வந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நாவலை உரக்கப் படித்தேன். படிக்கிறவன் கையில் யார் கொட்டையைக் கொடுப்பார்கள்?

கடைசி அத்தியாயம் முடிந்தது. சம்பங்கி தலை நிமிராமல் சொன்னாள்.

"அந்தாளு படகுல போறது நல்லால்லீங்க. அவரு பொண்டாட்டி நாற்காலியில உக்காரணும்."

"அவருக்குப் பொண்டாட்டியே கிடையாது."

"இத்தனை கொட்டாவி விடறவருக்கு இல்லாமயா?"

கதை என்னுடையது, முடிவும் என்னுடையது என்றேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

"மூணாவது அத்தியாயத்துல என்னமோ ஓட்டுச் சட்டம் படிச்சீங்களே?"

எவ்வளவு வேலையோ அவ்வளவு ஓட்டு. தலையாட்டித் தீவின் சட்டம். மந்திரிகளைக் கேலி செய்ய நானே எழுதியது.

"அப்ப எந்த முடிவுன்னு தேர்தல் வச்சிரலாங்க. ஒரு கொட்டை பிதுக்கினா ஒரு ஓட்டு. உங்க தீவுச் சட்டம் உங்களுக்குக் கெடையாதா?"

யோசித்தேன். ஜனநாயகத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவன் ஒரு தேர்தலுக்கு அஞ்சலாமா? சம்மதித்தேன்.

இரண்டு சட்டிகள் வந்தன. போன வருஷத்துப் பொதுத்தேர்தலில் பெட்டிக்குப் பெட்டி சின்னம் இருந்ததே, அதேபோல் என் சட்டியில் சுண்ணாம்பால் பேனா வரைந்தேன். அவள் சட்டியில் அகப்பை. நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் அகப்பைக்குப் பாதிச் சட்டி. எனக்கு அடி மறைந்திருந்தது, அவ்வளவுதான். உடனே கூட்டணி தேடி ஓடினேன். நண்பர் தீர்த்தகிரியை டீக்கடையிலிருந்து இழுத்து வந்தேன். நாலாவது பதிப்பில் முன்னுரை எழுதும் உரிமையை அவருக்கே தருவதாக வாக்களித்தேன். மனிதர் நன்றாகத்தான் உழைத்தார். சம்பங்கி காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தார். நகர்ந்து போய் அகப்பைச் சட்டியருகே உட்கார்ந்துவிட்டார்.

"கொள்கை வேற, காபி வேற, ராமப்பா" என்றார்.

எனக்கு வெறி பிடித்தது. பிதுக்கினேன். இரண்டு கையாலும் பிதுக்கினேன். கொட்டைகள் குதித்துக் குதித்துச் சட்டியில் விழுந்தன. கட்டைவிரல் மரத்துப்போனது. கொட்டாவியப்பரின் படகு என் கண்ணெதிரே தத்தளித்தது. முப்பது வருஷத்துக்கு ஒரு வாக்கியம், அதை நான் விடுவதாயில்லை.

அப்போதுதான் எதிர்க்கட்சி தளர்ந்தது. சரசம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன் என்று போனாள், வரவில்லை. பாப்பம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சம்பங்கி தலையை அவிழ்த்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். தீர்த்தகிரி சுவரில் சாய்ந்து தூங்கினார். எழுத்தாளனின் வேகத்துக்கு முன்னால் நிற்க முடியவில்லை என்று நினைத்தேன். சாயங்காலம் அண்டாவில் தண்ணீர் மட்டும் மிச்சம்.

படியால் அளந்தார்கள். பேனா ஆறு படி. அகப்பை இரண்டே படி.

எழுந்து நின்று ஜனாதிபதியின் பிரசங்கத்தை மறுபடி ஒருமுறை முழங்கினேன். சம்பங்கி இரண்டு சட்டியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினாள்.

"தோத்துட்டோம்னு வருத்தமா?" என்று பெருந்தன்மையாகக் கேட்டேன்.

"எதுலீங்க?"

"உன் முடிவு. நாற்காலி."

"அதுவா. அவரு படகுல போனா என்ன, மாட்டுவண்டியில போனா என்ன. பதினெட்டுப் பேருக்குக் குழம்பு ஆச்சு." பாத்திரத்தை மூடினாள். "வெள்ளிக்கிழமை பேரிகைச் சந்தையிலிருந்து இன்னொரு மூட்டை அவரை வருதுங்க. உங்க தீவுல இடைத்தேர்தல் உண்டா?"

வீங்கிய விரலால் பதினோராம் அத்தியாயத்தைப் புரட்டினேன். மூன்று உண்டு என்று எழுதி வைத்திருந்தேன்.