மணையில் உட்காரத் தோதான அறுவை

தெனாலி

சிரஞ்சீவி கோடிலிங்கத்துக்கு அண்ணன் பூர்ணானந்தம் ஆசி கூறி எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம். அந்த எல்லோரில் என்னைச் சேர்க்க வேண்டாம். ஓங்கோலில் உங்கள் நலத்துக்குப் பதில் போடவும்.

எனக்கு மூலம் முற்றிவிட்டது. உன் அண்ணியிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பேத்தி ஹிமபிந்துவின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. அவள் அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டதால் நானும் உன் அண்ணியும்தான் மணையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்ய வேண்டும். "தாத்தா, உங்களைத் தவிர வேற யாரு உக்காந்தாலும் நான் மேடைக்கு வரமாட்டேன்" என்கிறாள். நானோ செய்தித்தாளில் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறேன்.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "மூலத்துக்கு வந்த பெரியவரு யாருங்க? வெளிய வாங்க!" என்று கம்பவுண்டர் மிளகாய் ஏலம் விடுகிற குரலில் கூப்பிட்டார். டாக்டர் மல்லிகார்ஜுன் என்னிடம் தர்க்கம் படித்தவர். "மாஸ்டாரு! அன்னைக்கு என்னை பெஞ்சு மேல நிக்க வெச்சீங்க. இன்னைக்கு நீங்களாவே நிக்கிறீங்களே!" என்று சிரித்துவிட்டு முறைகளை விளக்கினார். ரப்பர் வளையம் சிறிய மூலத்துக்கு; என்னுடையது அந்தப் பருவத்தைத் தாண்டிவிட்டது. கத்தியால் அறுத்தால் திரும்ப வருவது அபூர்வம், ஆனால் வாரக்கணக்கில் வலி, உட்காருவதை மறந்துவிட வேண்டும். ஸ்டேப்ளர் கருவியால் உள்ளுக்குள்ளேயே தைத்துவிட்டால் வலி குறைவு, சீக்கிரம் உட்காரலாம், ஆனால் திரும்ப வரக்கூடும். லேசரும் ஏறக்குறைய அப்படித்தான். நான் இதையும் அதையும் எடைபோட்டுக்கொண்டே இருந்தேன். "பாடத்துல எல்லாத்துக்கும் ஒரு முடிவு வருமே மாஸ்டாரு?" என்றார். பாடத்தில் ரத்தம் வராது தம்பி என்றேன். வெளியே நின்ற ஊறுகாய் வியாபாரி, "ஆயுர்வேதத்துல மருந்து நூல் கட்டுவாங்க பெரியவரே, தானா உதிர்ந்துரும். எங்க மாமாவுக்கு உதிர்ந்துச்சு" என்றார். இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "அவரு போயிட்டாரு. ஆனா மூலம் திரும்ப வரவே இல்ல."

ஆகவே கேட்கிறேன்: மணையில் நீயும் உன் மனைவியும் உட்காருவீர்களா? கல்யாணம் முடிந்ததும் நான் கத்திக்கே போய் ஒரே தடவையில் முடித்துக்கொள்வேன். குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. திடகாத்திரமானவன் நீ, உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிகள். ஆவக்காய் ஊறுகாய் தனியாக வரும். என் பங்கும் அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
பூர்ணானந்தம்

பி.கு.: உறையில் போடும்போது உன் அண்ணி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "போயும் போயும் உங்க தம்பியையா கூப்பிடுறீங்க? கார்த்திகைக்குக் காசிக்குப் போறதாச் சொன்னாரே, அப்ப ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்துக் கிடந்தாரு! இன்னும் பஸ்ல எடம் இருந்தாலும் நின்னுக்கிட்டுத்தான் போறாராம். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அவரு பொண்டாட்டி எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா" என்றாள். ஆகவே மேலே உள்ளதை அடித்துவிடவும். ஸ்டேப்ளருக்குச் சொல்லிவிட்டேன். மூலம் திரும்ப வந்தால் வரட்டும். ஹிமபிந்துவின் கல்யாணம் திரும்ப வராது.