காட்சிக்கு மட்டும்

மனிதன் இதுவரை வைத்த நம்பிக்கைகளிலேயே உயர்ந்தது, இன்னும் வெளிவராத கைக்கடிகாரத்தின் மேல் வைக்கும் நம்பிக்கைதான். மற்ற நம்பிக்கைகளில் என்றாவது ஒரு நாள் ஏதாவது கிடைத்துத் தொலைக்கும் அபாயம் உண்டு. இதில் அது கிடையாது. கடைக்குப் போகலாம். கை நிறையப் பணத்தோடு போகலாம். படத்தைக் கண்ணால் பார்க்கலாம். கிடைக்காது. இப்படிப்பட்ட கலப்படமற்ற நம்பிக்கையை வளர்ப்பதற்கென்றே எங்கள் முதலாளி தமது அறையில் "கைக்கடிகார ரசிகர் வட்டம்" என்ற அமைப்பை நிறுவினார். உறுப்பினர்கள்: முதலாளி, ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல். செயலாளர் நான். எனக்குக் கடிகாரம் கிடையாது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. காப்பித் தட்டைத் தூக்குகிறவனுக்குக் கை வெறுமையாக இருப்பதுதான் வசதி என்று வக்கீல் பெருந்தன்மையோடு சொன்னார்.

நம்பிக்கை போக மீதி நேரத்தில் முதலாளி கண்ணாடிப் பட்டறை நடத்துகிறார். மேசைக் கண்ணாடி, அலமாரிக் கதவு, கடைகளுக்கான கண்ணாடிப் பெட்டி எல்லாம் செய்கிறோம். நான் அங்கே மேனேஜர். என் தங்கை புருஷன் வெட்டு மேசையில் வேலை பார்க்கிறான். நான் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு முதலாளியும் மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கூலிக்காரனை உறவு சொல்லிக் கூப்பிடும் முதலாளி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

புதிதாக வெட்டிய கண்ணாடியின் விளிம்பு தொட்ட இடத்தில் தோலைத் திறந்துவிடும். ஒரு கீறல் ஆறுவதற்குள் மாப்பிள்ளையின் விரலில் அடுத்த கீறல் வந்துவிடும். உப்பும் காரமும் பட்டால் எரியும் என்பதால் என் தங்கைதான் அவனுக்கு ஊட்டிவிடுகிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் பெண்டாட்டி கையால் வாங்கிச் சாப்பிடும் பாக்கியம் வேறு எந்தத் தொழிலில் உண்டு என்று நான் அவளிடம் கேட்டேன். அவள் கரண்டியைத் தூக்கினாள். நான் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் தூக்கியபடிதான் நின்றாள்.

அந்த ஆண்டு "மேலிடம்" (கடிகாரக் கம்பெனியை வட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்) வரப்போகும் மாடலின் முன்னோட்டமாக ஒரு படம் வெளியிட்டது. படம் முழுக்க இருட்டு. ஓரத்தில் பிறை போல ஒரு வெளிச்சம். அதை வைத்து வட்டம் மூன்று கூட்டம் போட்டது. பல் டாக்டர் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்து, கீழ்ப்பக்கம் ஒரு குழி தெரிகிறது, தேதிக் கட்டம் எடுக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். டயல் பச்சையா நீலமா என்பதில்தான் நட்பே முறிந்துவிடும் போல இருந்தது. பச்சை இல்லை என்று மேலிடம் எங்கும் மறுக்கவில்லை, மறுக்காதது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று வக்கீல் வாதாடினார். முடிவில், டயல் பச்சையாக இருக்கும் என்று வட்டம் "ஒருமனதாக" நம்புவதாகத் தீர்மானம் நிறைவேறியது. பல் டாக்டர் மட்டும் எதிர்த்தார்.

பிறகு முதலாளி கடைக்குப் புறப்பட்டார். பை தூக்க நானும் போனேன். அவர் ஆசைப்பட்ட பழைய மாடல் கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், பட்டு மெத்தையில் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அட்டை: "காட்சிக்கு மட்டும்". புதிய மாடல் வந்தால் தமக்கு ஒன்று வேண்டும் என்று முதலாளி கேட்டார். கடைக்காரர் கண் கலங்கும் அளவுக்குப் பணிவாகப் பேசினார்.

"உங்க ஆர்வத்தைப் பதிவு பண்ணிக்கிட்டோம் சார். முதல்ல எங்ககூட ஒரு சரித்திரம் உண்டாக்கிக்குங்க."

சரித்திரம் என்றால், வேறு யாரும் வாங்காமல் கிடப்பதை முதலில் வாங்கவேண்டும். முதலாளி மனமகிழ்ந்து தம் வீட்டம்மாவின் மணிக்கட்டில் ஏறாத ஒரு கல் வைத்த கடிகாரத்தையும், எழுதாத ஒரு பேனாவையும், மணியே அடிக்காத ஒரு மேசைக் கடிகாரத்தையும் வாங்கிச் சரித்திரத்தைத் தொடங்கினார். திரும்பி வரும்போது காரில் அவர் முகத்தில் ஞானம் இறங்கியிருந்தது.

"கேக்கறவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா பொருளுக்கு என்ன மரியாதை, மேனேஜர்?"

இந்த ஞானம் பட்டறைக்குப் பயன்படும் காலமும் கூடி வந்தது. தொழிற்பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து, வெட்டு மேசைக்காரர்களுக்குக் கையுறை கட்டாயம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாளி உடனே ஒரு ஜோடி வரவழைத்தார். நூல் போல மெல்லியது, உள்ளே எஃகு இழை ஓடியது, கத்தியால் இழுத்தாலும் கிழியாதது. அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னார். மாப்பிள்ளைதான் செய்தான், அதில் இரண்டு இடத்தில் கையைக் கிழித்துக்கொண்டு. உள்ளே பட்டு மெத்தை, மேலே விளக்கு, பக்கத்தில் அட்டை. பூட்டின் சாவி என்னிடம்.

கையுறை வேண்டுவோர் தங்கள் "ஆர்வத்தை" என்னிடம் பதிவு செய்யலாம். கேட்டவர்களில் யாருக்குத் தகுதி என்பதை அவரவர் சரித்திரம் தீர்மானிக்கும். லீவு போட்டவனுக்குச் சரித்திரம் கிடையாது. கண்ணாடி உடைத்தவனுக்குக் கிடையாது. கையில் காயம் உள்ளவன் கவனக்குறைவானவன், அவனிடம் கொடுத்தால் கையுறையையும் கெடுத்துவிடுவான், ஆகவே அவனுக்கும் கிடையாது.

மாப்பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது.

"மச்சான், காயம் இருந்தா கையுறை இல்லை. சரி. காயமே இல்லாதவன் கையுறையை வாங்கி என்ன பண்ணுவான்?"

விதியின் நுட்பமே அங்கேதான் இருக்கிறது என்று விளக்கினேன். அவன் என் கையைப் பார்த்தான். வெட்டு மேசையில் நின்ற காலத்துத் தழும்புகள் எனக்கும் உண்டு. கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நிர்வாகத்தில் இருப்பவன் கையைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அதிகாரி மறுபடியும் வந்தார். பெட்டியின் முன் நின்று அசந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டு, "கையுறை உள்ளது" என்று எழுதிவிட்டுப் போனார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

என் தங்கை பட்டறைக்கே வந்துவிட்டாள். கூச்சல் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாவி உன் இடுப்புல தொங்குது அண்ணே. நேத்து அவருக்குச் சட்டை பட்டன் நான்தான் போட்டுவிட்டேன். வெரலு மடங்கல."

எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் கையுறையின் மதிப்பு என்ன ஆகும் என்று அவளைக் கேட்டேன். அவள் சாவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். படிக்காதவளிடம் பொருளாதாரம் பேசியது என் தப்பு.

மேலிடம் அறிவிப்பு வெளியிடும் நாளும் வந்தது. ஒளிபரப்புக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று பட்டறை மெஷின்களை நிறுத்தச் சொன்னார் முதலாளி. அந்த அரை மணி நேரம் யாருக்கும் கை கிழியவில்லை. அந்தப் பெருமையும் மேலிடத்தையே சேரும். திரை விலகியது. அதே பழைய கடிகாரம். அதே கறுப்பு டயல். விநாடி முள்ளின் நுனியில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் பச்சை. வக்கீல் எழுந்து நின்றார். பல் டாக்டர் வாய் திறந்தபடி இருந்தார். துணிச்சலான மாற்றம் என்று முதலாளி தழுதழுத்தார்.

சரித்திரம் வீண்போகவில்லை. சில மாதங்களில் கடை அவருக்கு ஒன்று ஒதுக்கியது. வட்டம் கூடியது. மேசை மேல் பெட்டி. பெட்டிக்குள் பெட்டி. அதற்குள் கடிகாரம். முதலாளி கை நீட்டினார். வக்கீல் பதறித் தடுத்தார். வெறும் கை பட்டால் வேர்வைக் கறை படியும், நகம் கீறும், ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் அது கடிகாரமே இல்லை என்றார். பல் டாக்டர் தம் பையிலிருந்து ரப்பர் உறையை எடுத்து நீட்டினார். பல் பிடுங்குகிற உறையால் இதைத் தொடுவதா என்று முதலாளி முகம் சுளித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"மேனேஜர், அந்தப் பெட்டியத் தெறங்க."

கதவருகே கண்ணாடி இறக்கிவைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் சாவியை நீட்டினேன். அன்று காலைதான் அவனுக்கு உள்ளங்கை கிழிந்திருந்தது. முதலாளி அதைக் கவனித்துவிட்டார். தொழிலாளியின் காயத்தைக் கவனிக்கும் முதலாளி அவர்.

"பாத்து மாப்பிள்ளை. ரத்தம் பட்டுரப் போகுது. பேப்பர்ல ஏந்திக் கொண்டா."

மாப்பிள்ளை செய்தித்தாளில் ஏந்திக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். முதலாளி கையுறையை மாட்டி, கடிகாரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். மாப்பிள்ளை போகாமல் நின்றான்.

"எப்படி இருக்கு சார், கைக்கு?"

"பஞ்சு மாதிரி இருக்குப்பா."

"கிழியாதாமே?"

"கிழியவே கிழியாது."

மாப்பிள்ளை தலையாட்டினான். பிறகு வெட்டு மேசைக்குப் போனான். கையுறை இனிமேல் கடிகாரத்தோடு தம் லாக்கரிலேயே இருக்கட்டும் என்று முதலாளி முடிவு செய்தார். தீர்மானத்தை நான்தான் எழுதினேன்.

எங்கள் முதலாளியைப் பற்றி வெளியில் கண்டபடி பேசுகிறார்கள். தொழிலாளி ரத்தத்தில் கடிகாரம் வாங்கினாராம். அந்தக் கடிகாரத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூடப் படவில்லை. அதற்கான முன்னேற்பாடுகள் அனைத்தும் என் மேற்பார்வையில் செய்யப்பட்டன என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.