நொட்டை இன்ஜினியரை நியமித்த கதை

எண்பதுகளில் தர்மபுரிப் பக்கம் கட்டிய கட்டிடம் ஏதாவது இன்னும் நேராக நிற்கிறதென்றால் அது கடவுள் செயல், அல்லது நொட்டை இன்ஜினியர் செயல். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பந்தல்காலை ஆட்டிப் பார்ப்பார். எதிலும் நொட்டை சொல்வார், அதனால் அந்தப் பெயர்.

இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரைதான். புதுக் கட்டிடத்துக்கு உறுதிச் சான்றிதழ் வாங்கினால் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு வரும். என் மகள் எட்டு முடிக்கப் போகிறாள். "பஸ்ல ஏத்தி டவுனுக்கு அனுப்ப மாட்டேன், எட்டோட போதும்" என்று என் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

கட்டிடக் கமிட்டித் தலைவர், வீட்டிலிருந்தபடியே கையெழுத்துப் போடும் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தார். செயலாளரான நான்தான் பிடிவாதமாக நொட்டையைக் கூட்டி வந்தேன். வந்தவர், "நியமன லெட்டர்ல, 'தேவைப்பட்டா இடிக்கச் சொல்லலாம்'னு ஒரு வரி சேத்துக்குங்க. அப்பதான் சான்றிதழ் வேலைய ஏத்துக்குவேன்" என்றார்.

தலைவர் என்னைத் தனியே இழுத்தார். "கையெழுத்து போட ஆளு கேட்டா, கழுத்தறுக்க ஆளு கூட்டியாந்துட்டியேப்பா." ஆனாலும் அந்த வரியோடுதான் லெட்டர் கொடுத்தோம்.

மேல்தளம் போட்டதும், காங்கிரீட் இறுக இருபத்தொரு நாள் தண்ணீர் தேங்க வேண்டும் என்று அவர் உத்தரவு. அது வறட்சிக் காலம். டிராக்டரில் தண்ணீர் வந்தது, தளத்தின் மேல் பாத்தி கட்டினோம். பத்தாம் நாள் ஏணியில் ஏறிய நொட்டை அப்படியே நின்றுவிட்டார். தளம் முழுக்கத் தக்காளி நாற்று.

"இவ்ளோ தண்ணி சும்மா நிக்குதேன்னு மனசு கேக்கலீங்க" என்று தலைவர் தலையைச் சொறிந்தார். மண்ணும் எருவும் கொட்டி விதைத்தது அவர்தான்.

எல்லாரும் திட்டுக்குக் காத்திருந்தோம். நொட்டையோ ஒரு மூலையையே பார்த்தார். அங்கே மட்டும் நாற்று வாடிக் கிடந்தது.

"இங்க ஏன் தண்ணி விடல?"

"எல்லாத்துக்கும் ஒண்ணாதாங்க வுட்டேன்."

"அப்ப தண்ணி கீழ எறங்குது. காங்கிரீட்ல ஓட்டை. இந்த ரூம் தளத்த இடிச்சுப் போடுங்க."

அதிகாரி சோதனைக்கு வர ஒரு மாதம்தான் இருந்தது. "சார், என் பொண்ணு படிப்பு நின்னுரும்" என்றேன்.

"எந்த ரூம்ல உக்காரும்?"

"இதே ரூம்தாங்க."

"அப்ப மொதக் கடப்பாரைய நீங்களே போடுங்க."

போட்டேன். ஊரே வந்து இடித்தது, மறுபடி தளம் போட்டது. வெயிலில் நின்று மணல் சலித்ததிலிருந்து பூச்சுவரை அவர் நகரவில்லை. சோதனைக்கு முதல்நாள்தான் கையெழுத்துப் போட்டார். அதன்பின் தலைவர் பாலக்கோடு சந்தை வரைக்கும் போய், "நொட்டையே நொட்டை சொல்லாத கட்டிடம்" என்று பீற்றிக்கொண்டார்.

ஜூனில் என் மகள் அந்த ரூமிலேயே ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தாள். ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. பள்ளிக்குப் போய்ப் பார்க்கலாமென்று குடையை எடுத்தேன். என் மனைவி அதை வாங்கி மாட்டிவிட்டு, "அந்த மனுசன் கையெழுத்து போட்ட ரூமுங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. உக்காருங்க" என்றாள்.

அவரைக் கூட்டி வந்தவன் நான் என்பதில் எனக்கு இன்றும் கர்வம்தான்.