அதிபர் மேல் வழக்கு, வீட்டில் விசாரணை

எங்கள் புங்கோமாப் பக்கத்தில் மழை விட்டதும் ஈசல் கிளம்பும். அதிபர் மேல் யாராவது வழக்குப் போட்டதும் இன்னோர் இனம் கிளம்பும். ஈசலையாவது வறுத்துத் தின்னலாம். இவர்களை என்ன செய்வது? சட்டம் படித்ததில்லை, கோர்ட் வாசலை மிதித்ததில்லை, ஆனால் நைரோபியில் நீதிபதி தும்மினால் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். தீர்ப்புப் பித்தர்கள்!

சைக்கிள் பழுதுபார்க்கும் வான்யோனியை எடுத்துக்கொள்ளுங்கள். பித்து அவருக்குத் தாய்மாமன் வழியில் வந்தது. மூத்த மாமன் வேலிக்காக வழக்காடினார், நடு மாமன் அந்த வேலியைப் பிடுங்கியதற்காக வழக்காடினார், கடைசி மாமன் இருவரையும் வேடிக்கை பார்க்கப் போய் வழக்கில் எதிராளியின் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த ரத்தம் சும்மா இருக்குமா?

எங்கள் நாட்டில் மக்களிடம் கருத்துக் கேட்காமல் அரசாங்கம் எதையும் செய்யக்கூடாது என்று சட்டம். அரசாங்கம் அதை மறந்துவிடும், வான்யோனி மறக்கமாட்டார். மனைவி நெக்கேசா கீரைக்குப் பதிலாக முட்டைக்கோஸ் சமைத்தால், தட்டைத் தள்ளிவைத்துக் கேட்பார்:

"மக்களைக் கேட்டியா?"

"கேட்டேன். மக்கள் பட்டினி கிடக்கட்டும்னாங்க."

அதற்கு மேல்முறையீடு கிடையாது. சாப்பிட்டுவிடுவார்.

சிரிக்கிறீர்கள். நெக்கேசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் நாலியாக்காவுக்கு முதலில் வந்த சம்பந்தத்தில், மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்து இவர், "இந்தச் சபையில பேச உமக்கு என்ன சட்ட உரிமை?" என்று கேட்டார். வந்தவர்கள் தேநீர் ஆறும் முன்பே போய்விட்டார்கள். இப்போது நாலியாக்கா தானே விரும்பிய பையன், பால் பண்ணையில் வேலை பார்ப்பவன். இதுவும் முறிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அதற்கென்று வந்து சேர்ந்ததே ஒரு வழக்கு! துணை மந்திரிகளுக்குத் துணையாக இன்னொரு வண்டி மந்திரிகளை அதிபர் நியமிக்க, யாரோ கோர்ட்டுக்குப் போக, தீர்ப்பு நாளும், பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் தரவேண்டிய சீர்மாடு பேசும் நாளும் ஒரே நாளாக வந்து விழுந்தன.

"நாள மாத்துங்க," என்றாள் நெக்கேசா.

"கோர்ட் வச்ச நாள மாத்த நான் யாரு?"

"சீர் பேசற நாளச் சொன்னேன்!"

"அதுக்கு மக்களக் கேக்கணும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா மக்கோக்கா வந்து இறங்கினார். அவரும் பித்தரே, ஆனால் எதிர்ப் பக்கத்துப் பித்தர். அதிபர் ஓர் ஆட்டை மந்திரியாக்கினாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். நெக்கேசா முன்யோசனையாக எல்லாருடைய கைபேசியையும் வாங்கிக் கூடையில் போட்டு, கூடையைத் தன் முக்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தொலைக்காட்சியை மட்டும் அணைக்க விடவில்லை இருவரும். பத்து மாடு கேட்கிறார் வான்யோனி, எட்டு என்கிறார் மக்கோக்கா, நடுவே நீதிபதி வாசிக்கிறார்.

"மக்களைக் கேட்காமல் நியமித்தது தவறு."

"பாத்தீரா!" என்று குதித்தார் வான்யோனி. "எங்க போய் முகத்த வச்சுக்குவீரு?"

"ஆனாலும், நாட்டு நிர்வாகம் நின்றுபோக இந்த நீதிமன்றம் அனுமதிக்காது."

"கேட்டீரா!" மக்கோக்கா அதைவிட உயரமாகக் குதித்தார். "பஞ்சர் ஒட்டறவருக்குச் சட்டம் எதுக்கு?"

"எங்க சனத்தைக் கேக்காம ஒரு கன்னுக்குட்டியகூட வாங்கமாட்டேன்!"

"உம்ம வீட்டுக்கு ஒரு கோழிகூட வராது! எங்கடா என் தொப்பி?"

சமையலறைத் திரைக்குப் பின்னால் நாலியாக்கா விசும்பினாள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, தாளைப் புரட்டி, "ஆகவே..." என்றார்.

நெக்கேசா முதுகுப் பக்கம் கையை விட்டு வயரைப் பிடுங்கினாள்.

"கரண்டு போச்சு," என்றாள். எங்கள் ஊரில் இதை நம்பாதவர் உண்டா?

இருட்டுத் திரையைப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு மெல்ல, ஒவ்வொருவர் முகத்திலும் வெற்றி பரவியது. ஆகவே! அதற்குப்பின் நீதிபதி என்ன சொல்லியிருப்பார் என்பதில் இருவருக்குமே சந்தேகமில்லை. எதிரே நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"உக்காருங்க சம்பந்தி," என்றார் வான்யோனி, நோயாளியிடம் பேசுவதைப்போல. "மனசு நொந்திருக்கும். எட்டு மாடே போதும்."

"ஐயோ, நீங்க நொந்துபோய்ச் சொல்றீங்க. பத்தே தர்றேன்."

"பத்தா? அடுக்காது. ஏழு!"

"பதினொண்ணு! ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

இப்படி ஒரு பேரம் எங்கள் சாதிசனத்தில் ஏழு தலைமுறையில் நடந்ததில்லை. கோழிக்கறி வந்தது. பெரிய மனிதருக்கே உரிய இரைப்பைத் துண்டை, 'தோற்றவர் தேறட்டும்' என்று ஒருவர் தட்டில் மற்றவர் தள்ளினார். அது போய்ப் போய் வந்தது. ஒன்பதில் முடித்துவைத்தாள் நெக்கேசா. திரைக்குப் பின்னால் விசும்பல் நின்று, கிளுகிளுவென்று சிரிப்புக் கேட்டது. அறுவடை முடிந்ததும் கல்யாணம்.

சரி, கதை அவ்வளவுதான். பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைத்தான், சபை வயிறு நிறையச் சாப்பிட்டது. இன்னும் ஏன் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்க்கிறீர்கள்? 'ஆகவே'க்கு அப்புறம் நீதிபதி என்ன சொன்னாரென்றா?

அப்படியா சேதி! வான்யோனி, கொஞ்சம் தள்ளி உட்காரும். நம்ம ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார்.